லாபம், ரெண்டு, மூணு

வெண்கலத்துக்கு வெட்கமே கிடையாது. எதிரே எது நின்றாலும் அப்படியே தன் மேல் எழுதிக்கொண்டுவிடும். ஒரு கிண்டியை, அதாவது மூக்கு வைத்த செம்பை, சாதாரண விளக்கு வெளிச்சத்தில் படமெடுத்துப் பாருங்கள். அதன் வயிற்றில் மேலே தொங்கும் மின்விசிறி இருக்கும், ஜன்னல் கம்பி இருக்கும், காமிராவைத் தாங்கும் மூன்று கால்கள் இருக்கும், அதற்குப் பின்னால் முகத்தைச் சுளித்துக்கொண்டு நானும் இருப்பேன். கிண்டி மட்டும் இருக்காது.

நான் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள். ஓய்வு பெற்றதும் கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் பஜனைக்கும் பேரன் பேத்திக்கும் போனார்கள். நான் காமிரா வாங்கினேன். வலியசாலையில் எங்கள் வீட்டுப் பின்னறை ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, கதவிடுக்கில் பழைய புடவையைச் சொருகி, பட்டப்பகலில் இருட்டை உண்டாக்கினேன். மேஜைமேல் கறுப்பு வெல்வெட், அதன்மேல் பாத்திரம். காமிராவின் கண்ணைத் திறந்து வைத்துவிட்டு, ஒரு சின்ன டார்ச்சால் பாத்திரத்தின் மேல் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பூச வேண்டும், சுவருக்கு வெள்ளையடிப்பது போல. டார்ச் தொட்ட இடம் படத்தில் விழும். தொடாத இடம் இருட்டாகவே கிடக்கும். கை எங்கேயாவது நின்றுவிட்டால் அந்த இடம் வெந்து வெளுத்துவிடும். சரியாகப் பூசி, சரியான நேரத்தில் கண்ணை மூடிவிட்டால், பாத்திரம் தானே இருட்டிலிருந்து எழுந்து வந்த மாதிரி இருக்கும். யார் பூசினார்கள் என்பது படத்தில் தெரியாது.

இதில் எனக்கு ஒரு கை குறைந்தது. வலது கையில் டார்ச், இடது கையில் வெளிச்சத்தை மெத்தென்று ஆக்க ஒரு பட்டர் பேப்பர். காமிராவைத் திறந்து மூட ஆள் வேண்டும். நொடிகளை எண்ணிச் சொல்லவும் ஆள் வேண்டும், ஏனென்றால் கடிகாரத்தின் வெளிச்சம்கூட வெண்கலத்தில் விழுந்து தொலைக்கும். என் கணவர் அரசு அலுவலகம் ஒன்றில் ரோட்டுக்கு வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர், வீட்டில் நாளிதழைத் திருப்பித் திருப்பி வாசித்துக்கொண்டிருந்தார். அவரைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்தேன். காமிராவிலிருந்து வரும் ஒயரின் நுனியில் ஒரு பொத்தான் இருக்கும். ஒரு தடவை அழுத்தினால் திறக்கும், மறுபடி அழுத்தினால் மூடும். அதைக் கையில் கொடுத்து, நொடிக்கு ஒன்றாக இருபத்துநாலு வரை எண்ணச் சொன்னேன்.

விளக்கை அணைத்தேன். பொத்தான் அழுந்தியது.

"லாபம்" என்றார்.

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. முதல் படம் வெந்துபோயிற்று.

"என்ன லாபம்? ஒண்ணுன்னு சொல்லுங்கோன்னா!"

"அளக்கறச்சே ஒண்ணுன்னு சொல்லப்படாதுடீ. நெல்லானாலும் அரிசியானாலும் மொதல் படிக்கு லாபம்னுதான் சொல்லணும். ஸ்ரீவராகத்துல எங்காத்துல அப்படித்தான்."

"இங்கே நெல்லும் இல்லே, அரிசியும் இல்லே."

"வெளிச்சத்த அளந்துதானே போடறே? இதுவும் அளவாக்கும்."

எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் இரண்டாவது படம் எடுத்தபோது ஒன்று தெரிந்தது. லாபம், ரெண்டு, மூணு என்று அவர் எண்ணுவது கடிகாரத்தைவிட நன்றாக இருந்தது. படி அளந்து கொட்டுகிற நிதானம் அந்தக் குரலில் இருந்தது. கைக்கடிகாரத்தை வைத்து மூன்று முறை சோதித்தேன். இருபத்துநாலு நொடி என்றால் இருபத்துநாலுதான். பிறகு நான் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

அந்த எண்ணிக்கைதான் எனக்கு வழி காட்டியது. கிண்டி என்றால் மூணு வரைக்கும் வாய் விளிம்பு. ஒன்பது வரைக்கும் கழுத்து. பதினேழு வரைக்கும் வயிறு. பிறகு மூக்கு, கடைசியாக அடிப்பாகம். அவர் எந்த எண்ணைச் சொல்கிறார் என்பதைக் கேட்டுக் கை தானாகப் போகும். முகம் தெரியாத இருட்டில், விசிறியை நிறுத்திவிட்டு, வியர்வை வழிய, மணிக்கணக்காக நாங்கள் இருவரும் அப்படி வேலை செய்திருக்கிறோம். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் சொன்னதை நான் அவ்வளவு கவனமாகக் கேட்டது அங்கேதான். இதை நான் அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

"முன்னாடியே இருட்டுல ஒக்காந்து பேசியிருக்கலாம்" என்று சிரித்தார்.

ஆரம்பத்தில் ஒரு கூத்து நடந்தது. எடுத்த படங்களில் எல்லாம் பாத்திரத்தின் ஓரத்தில் சாய்வாக ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. வார்ப்பில் விரிசலோ என்று பயந்துபோய் பாத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இரண்டு நாள் தலையை உடைத்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது. அது அவருடைய பூணூல். புழுக்கத்துக்கு மேல்சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார், டார்ச் வெளிச்சம் சிதறி அதன்மேல் பட்டிருக்கிறது. அன்றிலிருந்து அவருக்குக் கறுப்புச் சட்டை, கறுப்பு வேஷ்டி. அந்த உடையோடு வாசலில் தபால் வாங்கப் போனவரை எதிர்வீட்டு மாமி பார்த்துவிட்டு, கைகூப்பி, "சாமி என்னிக்கு மலைக்குப் போறது?" என்று கேட்டாள். சித்திரை மாதத்தில்! அவரும் அசராமல், "இது வேற மலை மாமி, எறங்கவே விடமாட்டேங்கறா" என்று என்னைக் கைகாட்டிவிட்டு வந்தார். விளக்குக்கே டார்ச் அடித்துக் காட்டுகிறவள் என்று என்னைப் பற்றித் தெருவெல்லாம் சொல்லி வைத்ததும் அவர்தான்.

வித்துராவில் ஒரு பட்டறை இருக்கிறது. அதை நடத்துகிறவர் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பத்துக்காரர். வெண்கலக் கிண்டியும் உருளியும் விளக்கும் வார்த்து ஹோட்டல்களுக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்புகிறார். வேலை தலைக்கு மேல் இருக்கிறது, ஆள்தான் போதவில்லை என்று எப்போதும் சலித்துக்கொள்வார். தன்னுடைய பாத்திரங்களை எல்லாம் ஒரு புத்தகமாகப் போட வேண்டும், படங்களை நான்தான் எடுக்க வேண்டும் என்று வந்து நின்றார். அறுபது பாத்திரம். வேனில் வைக்கோல் வைத்துக் கட்டிக் கொண்டுவந்து இறக்கினார். நாங்கள் மழைக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று நினைத்தோம்.

பத்தாவது பாத்திரமோ பதினோராவதோ, ஒரு தூக்குவிளக்கு. படம் வெந்திருந்தது. அடுத்ததும் வெந்தது. டார்ச்சின் பாட்டரி புதிது, அதனால் வெளிச்சம் கூடிவிட்டது என்று நினைத்தேன். மூன்றாவது தடவை எடுத்தபோது காதில் விழுந்தது. பதினாலு, பதினஞ்சு, பன்னெண்டு, பதிமூணு.

"எங்கேன்னா கவனம்? காப்பிக்கு நேரமாயிடுத்தா?" என்று இருட்டில் கத்தினேன்.

"அய்யோ, தப்பிப்போச்சு. சாரமில்லே, இன்னொண்ணு எடுக்கலாம்."

சாரமில்லே என்றால் எங்கள் வீட்டில் பரவாயில்லை. இன்னொன்று எடுத்தோம். அது நன்றாக வந்தது. நான் மறந்துவிட்டேன். அடுத்த வாரம் மறுபடி. அதற்கடுத்த நாள் மறுபடி. ஒவ்வொரு தடவையும் நான் அவரைத் திட்டினேன். முப்பது வருஷம் பிள்ளைகளைத் திட்டிய வாய், அதற்குச் சொல்லவா வேண்டும். ஒரு நாள் அவர் பதினாறோடு நின்றுவிட்டு, சின்னக் குரலில், "ஓர்மை கிட்டலேடீ" என்றார். ஞாபகம் வரவில்லை என்று. அதற்குப் பிறகுதான் அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் மலையாளி, இளவயதுக்காரர், பொறுமையாகப் பேசினார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லச் சொன்னார். "ஏறத்தான் தெரியும் டாக்டர், எறங்கத் தெரியாது" என்று இவர் தமாஷ் பண்ணினார். சரி, ஒன்றிலிருந்து முப்பது வரை எண்ணுங்கள் என்றார் டாக்டர்.

"லாபம்" என்று ஆரம்பித்தார்.

டாக்டர் காகிதத்தில் எதையோ எழுதினார். நான் பதறிப்போய், அது தப்பில்லை, எங்கள் வீடுகளில் அளக்கும்போது அப்படித்தான் சொல்வது, ஒன்று என்று சொல்வதில்லை, தயவுசெய்து அதைத் தப்பாகப் போடாதீர்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டு, எழுதியதை அடித்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. இவர் எண்ணிக்கொண்டே போனார். பதினாறுக்கு அப்புறம் பதிமூணு என்றார். டாக்டர் மறுபடி பேனாவை எடுத்தார்.

இது இனிமேல் கூடத்தான் செய்யும், மெதுவாகவோ வேகமாகவோ, என்று டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டுச் சொன்னார். பஸ்ஸில் வரும்போது இவர், "பாத்திரம் இன்னும் எத்தனை பாக்கி?" என்று கேட்டார். நாற்பது இருக்கும் என்றேன். "முடிச்சுடணும். நான் எண்ணாட்டா உனக்குக் கை போகாது" என்றார். அது உண்மை. அவருக்கு அதில் இருந்த பெருமையும் எனக்குத் தெரியும். அதனால்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். இன்று வரைக்கும் அதை நினைத்தால் சாப்பாடு இறங்குவதில்லை.

ஒயர் இல்லாமல் தானே திறந்து, இருபத்துநாலு நொடியில் தானே மூடுகிற கருவி ஒன்று கடையில் கிடைத்தது. அதை வாங்கினேன். அதன் ஒரு பாகத்தைக் காமிராவில் மாட்டினேன். அவருடைய பழைய ஒயரின் ஒரு முனையைக் காமிராவிலிருந்து கழற்றி, முக்காலிக்குப் பின்னால் தொங்கவிட்டேன். மறுமுனையிலிருந்த பொத்தானை எப்போதும் போல அவர் கையில் கொடுத்தேன். அவர் அழுத்தும்போது என் இடுப்பில் சொருகியிருந்த மறுபாகத்தை நானும் அழுத்துவேன். அவர் எப்படி எண்ணினாலும் பரவாயில்லை, அவருடைய பழைய எண்ணிக்கை என் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று மட்டும் இடித்தது. கண் மூடும்போது காமிராவில் டக்கென்று ஒரு சத்தம் வரும். அதற்கும் ஒரு பொய் சொன்னேன். "பாத்திரத்துக்குப் பாத்திரம் நேரம் மாறறது. இனிமே நான் மதின்னு சொன்னா அப்போ மூடுங்கோ." மதி என்றால் மலையாளத்தில் போதும். எங்கள் வீட்டிலும் அதுதான் போதும். நான் உரக்க "மதி!" என்பேன், அதில் டக் அமுங்கிவிடும்.

படங்கள் மறுபடி நன்றாக வந்தன. ஜன்னலைத் திறந்ததும் திரையில் காட்டுவேன். "பாத்தேளா? சொதப்பாம வந்திருக்கு." அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, குனிந்து பார்த்து, "நம்ம கைப்பழக்கம் போகலேடீ" என்பார். ஐந்து வாரம் அப்படிப் போயிற்று. அந்த ஐந்து வாரமும் அவர் சந்தோஷமாக இருந்தார். காலையில் எனக்கு முன்னால் கறுப்பு வேஷ்டியைக் கட்டிக்கொண்டு தயாராக நிற்பார். நானும் நம்பிவிட்டேன், நல்லதைத்தான் செய்கிறோம் என்று.

கடைசிக்கு முந்தின வாரம் ஒரு பிற்பகல். வெளியே நல்ல மழை. பெரிய கிண்டி ஒன்று, பட்டறைக்காரர் தானே அரம் போட்டு மெருகேற்றியது. எனக்கும் அதன்மேல் ஆசை. அன்று ஆரம்பமே நன்றாக இருந்தது. லாபம், ரெண்டு, மூணு. நாலு, அஞ்சு. தடுமாற்றமே இல்லை, பழைய குரல். ஆறு, ஏழு, எட்டு. ஒன்பது.

அப்புறம் சத்தம் இல்லை.

என் கை கழுத்தைத் தாண்டி வயிற்றுக்கு வந்திருந்தது. அவர் நின்றுவிட்டார் என்பது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் கை போய்க்கொண்டே இருந்தது. வெளிச்சம் அவ்வளவு அழகாக இறங்கிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் கெட்டுவிடும் என்று மட்டும் தோன்றியது. வயிறு முடிந்தது, மூக்கு முடிந்தது, அடிப்பாகத்தையும் பூசி முடித்தேன். மதி என்று சொல்ல மறந்துவிட்டேன். முதல் நாள் அவர் ஒரு சொல்லை மாற்றிச் சொன்னதற்கே நின்ற கை, அன்று அவர் குரலே நின்றுபோனபோது நிற்கவில்லை.

டக்.

அந்த இருட்டில் அவ்வளவு பெரிய சத்தம் எனக்கு வேறு நினைவில்லை. அவர் பொத்தானைத் தொடவே இல்லை. இருவருக்கும் தெரியும்.

பிறகு தரையில் ஒயர் உராய்வது கேட்டது. பொத்தானிலிருந்து ஆரம்பித்து ஒயரைக் கையால் தடவித் தடவிப் போகிறார். முக்காலிக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்த முனை அவர் கைக்குக் கிடைத்தது. நான் விளக்கைப் போட்டிருக்க வேண்டும், பக்கத்தில் போயிருக்க வேண்டும். டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

"இது எத்தன நாளா?" என்றார்.

"இன்னிக்குத்தான்... கழண்டிருக்கும்."

பொய்க்குமேல் பொய். முப்பது வருஷத்தில் எத்தனை பிள்ளைகளின் பொய்யைக் கண்டுபிடித்திருக்கிறேன், எனக்கே ஒழுங்காக ஒன்று சொல்லத் தெரியவில்லை.

"சாரமில்லே" என்றார். நான் ஜன்னல் துணியை விலக்கினேன். அவர் ஒயரை எப்போதும் போல ஒழுங்காகச் சுருட்டி, ரப்பர் பாண்ட் போட்டு, பெட்டியில் வைத்து, மூடினார். படத்தைப் பார்க்க வரவில்லை.

மறுநாள் பாத்திரத்தை வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். கூடத்தில் வெள்ளை வேஷ்டியோடு உட்கார்ந்திருந்தார். "வாங்கோன்னா, நீங்க எண்ணாட்டா எனக்குக் கை போகாது" என்றேன். அவர் சொன்ன வார்த்தையை அவரிடமே நீட்டினேன்.

"மதி" என்றார்.

மீதியை நான் தனியாகத்தான் எடுத்தேன்.

அதற்குப் பிறகு அவருக்கு எல்லாம் ஒவ்வொன்றாகப் போயிற்று. தெருப் பெயர் போனது, வரைபடம் போட்ட ரோடுகள் போயின, நான் யார் என்பதும் போனது. எல்லோரும் என்னைக் கூப்பிடுவதைக் கேட்டுக்கேட்டு அவரும் என்னை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். சாதம் ஊட்டினால் முதல் கவளத்துக்கு லாபம் என்பார், இரண்டாவதுக்கும் லாபம் என்பார், அதற்குச் சிரிக்கவும் பழகிக்கொண்டேன். இத்தனையும் மறக்கிறாரே, அந்த ஒரு பிற்பகலையும் மறந்திருப்பார் என்று எனக்கு ஒரு கெட்ட ஆறுதல் இருந்தது.

மறக்கவில்லை. எந்த ஒயரைக் கண்டாலும் கையில் எடுத்து, நுனிவரைக்கும் தடவிக்கொண்டு போவார். மேஜைவிசிறி ஒயர், செல்போன் சார்ஜர், இஸ்திரிப்பெட்டி. நுனியில் ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். மாட்டியிருந்தால் விட்டுவிடுவார். மாட்டியிருக்காவிட்டால் என்னைத் திரும்பிப் பார்ப்பார். ஏன் பார்க்கிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். வீட்டிலிருக்கிற எல்லா ஒயரையும் எதிலாவது மாட்டியே வைத்திருந்தேன்.

நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, கையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். முதல் நாளே மற்றக் கையால் அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டார். பிடுங்கிவிடப் போகிறார் என்று நர்ஸ் ஓடிவந்தாள். பிடுங்க மாட்டார், விடுங்கள் என்றேன். அவர் குழாயைத் தடவித் தடவி, கை எட்டும்வரை போனார். அதற்குமேல் எட்டவில்லை. என்னைப் பார்த்தார்.

"மாட்டியிருக்குன்னா" என்றேன். "இது நெஜமாவே மாட்டியிருக்கு."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு குழாயை விட்டார். நம்பினாரா என்று தெரியாது. மூன்றாம் நாள் போய்விட்டார்.

காரியங்கள் எல்லாம் முடிந்து சில மாதம் கழித்து, பட்டறைக்காரர், அச்சேறாமல் இழுத்துக்கொண்டே போன அந்தப் புத்தகத்தோடு வந்தார். துக்கம் விசாரித்துவிட்டு, மேஜைமேல் அதை இரண்டு கையாலும் வைத்தார். அட்டையில் அந்தப் பெரிய கிண்டி.

"அறுபது படத்துலயும் இதத்தான் எல்லாரும் கை காட்டினாங்க டீச்சர். வேற எதையும் ஒத்துக்கிடல. சாரு உயிரோட இருந்திருந்தா எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பாரு."

நான் அதைக் கையில் எடுத்தேன். வாய் விளிம்பு மூணு வரைக்கும், கழுத்து ஒன்பது வரைக்கும். கழுத்து போய் வயிற்றோடு சேருகிற அந்த வளையம்வரைக்கும் அவர் எண்ணியிருக்கிறார், தப்பில்லாமல். அதற்குக் கீழே நான் தனியாகப் பூசியது. உலகத்தில் வேறு யாராலும் கண்டுபிடிக்க முடியாது, எனக்கு மட்டும் கோடு போட்டது போலத் தெரிகிறது. அன்றைக்கு அந்த இடத்தில் கையை நிறுத்தியிருந்தால் ஒரு வெள்ளைத் தழும்பு விழுந்திருக்கும், ஒரு படம் வெந்திருக்கும். வெந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்? "என்னாச்சுன்னா?" என்று கேட்டிருக்கலாமே. அதுகூடக் கேட்கவில்லையே நான்.

விரலை அந்த வளையத்தின்மேல் வைத்துக்கொண்டு, "இங்கேதான் ஒன்பது" என்றேன்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மரியாதைக்கு எட்டிப் பார்த்தார். என் விரலுக்குக் கீழே, கிண்டியின் வயிற்றில் ஒரே சீராக இறங்கியிருந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, "அதுக்குக் கீழ இன்னும் நல்லா வந்திருக்கு டீச்சர்" என்றார்.

ஆமாம் என்றேன்.